இருபத்து நாலாவது நொடி

(திருநெல்வேலியில் ஆசிரியர்களும் இயற்கை ஆர்வலர்களும் கூடிய மாலை அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு எலுமிச்சைத் தோப்பு இருக்கிறது. தோப்பின் மேற்கு வேலியை ஒட்டி ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காடு தொடங்கிவிடும். 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டதே களக்காடு முண்டந்துறை, அதன் விளிம்பு அது. தோப்புக்குள் மாடுகளுக்காக என் தகப்பனார் கட்டிய சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. மாடுகள் போய்விட்டன. தொட்டியில் தண்ணீர் விடுவதை மட்டும் நாங்கள் நிறுத்தவில்லை. பங்குனி பிறந்து ஓடை வற்றியதும் அந்தத் தொட்டிக்கு மிளா என்கிற கடமான் வரும்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு அந்தத் தொட்டியைப் பார்த்தபடி ஒரு வேப்பமரத்தில் தானியங்கி கேமரா ஒன்றைக் கட்டினேன். பெட்டியோடு வந்த கையேட்டில் இருந்தபடியே வைத்தேன்: வீடியோ 10 நொடி, ஒரு வீடியோவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 நிமிடம். இரண்டு மாதத்தில் அறுபதுக்கு மேல் வீடியோக்கள் சேர்ந்தன. எல்லாவற்றிலும் ஒரே மிளாதான். வலது காது நுனி கிழிந்த பெண் மிளா. இருட்டிலிருந்து வரும். தொட்டிக்கு நாலடி முன்னால் நிற்கும். காதுகள் இரண்டும் கேமராப் பக்கம் திரும்பும். வீடியோ முடிந்துவிடும். நோட்டில் நான் எழுதி வைத்தது: 'தனி மிளா. குட்டி இல்லை.'

கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி எல்லா வீடியோவையும் உட்கார்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, "தாத்தா, இது தண்ணியே குடிக்கலையே, அப்புறம் எதுக்கு வருது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று சாயங்காலமே போய் 10 என்பதை 30 ஆக்கினேன். 5 நிமிட இடைவெளியை 5 நொடி ஆக்கினேன். மூன்றாம் நாள் கார்டை எடுத்துப் பார்த்தோம். அதிகாலை 2.40. அதே மிளா, அதே இடம், அதே பார்வை. பத்தாவது நொடி போயிற்று. பதினைந்து. முன்னங்காலில் ஒன்றைத் தூக்கி, மடக்கியபடியே நிற்கிறது. இருபதாவது நொடியில் காலை மெதுவாகக் கீழே வைக்கிறது. வால் தாழ்கிறது. இருபத்து நாலாவது நொடியில் இடது ஓரத்தில், அதன் பின்னங்கால்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி வெளியே வந்தது. தாயின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து தொட்டியை எட்டிப் பார்த்தது.

இரண்டு மாதமாக அந்தக் குட்டி அங்கேதான் இருந்திருக்கிறது. கேமராவும் அங்கேதான் இருந்தது. நான் வைத்த எண்தான் அதை மறைத்துவிட்டது.

இன்று உங்களிடம் சொல்ல வந்தது இவ்வளவுதான்: மானுக்குக் கேமரா வைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது படத்தின் கூர்மையை அல்ல, நீளத்தை. மான் இரையாகிப் பழகிய உயிர். எங்கே வந்தாலும் முதலில் நிற்கும், கேட்கும், மோப்பம் பிடிக்கும். அந்த முதல் பத்து நொடி அதன் பயத்தின் நேரம். பயம் தணிந்த பிறகுதான் அது தண்ணீர் குடிப்பதும், குட்டியை நக்குவதும், கொம்பை மரத்தில் தேய்ப்பதும். பத்து நொடியோடு நிறுத்திக்கொள்பவர் மானின் பயத்தை மட்டும் சேகரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பத்து நொடி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். இந்தக் கேமராக்களுக்குப் பெரிய சந்தை வட அமெரிக்கா. வாங்குபவர்களில் பெரும்பகுதி அங்கே வெள்ளைவால் மானை வேட்டையாடுபவர்கள். வேட்டைப் பருவத்துக்கு முன்பே எந்த ஆண் மான் எந்தத் தடத்தில் வருகிறது, கொம்பில் எத்தனை கிளை என்று தெரிந்துகொள்வது அவர்கள் தேவை. கொம்பை எண்ணப் பத்து நொடி தாராளம். அவர்களுக்கு அந்த எண் சரி. நம்முடைய கேள்வி வேறு.

அமெரிக்காவில் இந்தக் கலையைத் தொடங்கி வைத்தவரும் மானிடம்தான் தொடங்கினார். ஜார்ஜ் ஷைராஸ் என்ற வழக்கறிஞர். அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு முறை உறுப்பினராகவும் இருந்தவர். மிச்சிகனில் ஏரிக்கரைக்கு வரும் மான்களை இரவில் படகில் விளக்கோடு போய்ச் சுடுவது அவர் இளமையில் பழகிய வேட்டை. துப்பாக்கியை வைத்துவிட்டு, அதே படகில் அதே விளக்கோடு கேமராவை எடுத்துப் போனார். பிறகு கரையில் கயிறு கட்டி, மானின் கால் பட்டதும் வெளிச்ச மருந்து வெடித்துப் படம் பதியும்படி செய்தார். 1906 ஜூலை நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் அவருடைய 74 படங்கள் வந்தன. ஒரு இரவுக்கு ஒரு படம், அதுவும் மான் திடுக்கிட்ட கணத்தில். அவருக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது. ஆகவேதான் பத்து நொடியோடு நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, 30 வைக்கலாமா, 60 வைக்கலாமா, 3 நிமிடமே வைத்துவிடலாமா? கேமரா எப்படி விழிக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு இதற்கு வருகிறேன்.

இந்தப் பெட்டி படத்தைப் பார்த்து விழிப்பதில்லை. சூட்டைப் பார்த்து விழிக்கிறது. முன்பக்கம் பால்நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை இருக்கும். அது முன்னால் உள்ள வெளியைப் பல பட்டைகளாகப் பிரித்து உள்ளே இருக்கும் உணரிக்குக் காட்டும். சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகர்ந்தால் கேமரா விழித்துக்கொள்ளும். அதனால் குறுக்கே போகும் மானை உடனே பிடித்துவிடும். நேராக எதிரே வரும் மான் ஒரே பட்டைக்குள் வருவதால் பிந்தித்தான் பிடிபடும். விழித்த பிறகும் புகைப்படம் எடுப்பதைவிட வீடியோ தொடங்க நேரம் கூடுதலாகும். பல கேமராக்களில் ஒரு நொடிக்கு மேல். நடந்துபோகும் மானுக்கு அந்த ஒரு நொடி போதும், கேமராவின் பார்வையைத் தாண்டிவிடும். தடத்தில் வைப்பதானால் தடத்துக்கு நேர்குறுக்காக வைக்காதீர்கள். சாய்வாக, தடம் நெடுக ஓடுவது தெரியும்படி வையுங்கள். அதைவிட நல்லது மான் தானாக நிற்கும் இடம்: தண்ணீர், உப்புமண், பழம் உதிரும் மரம். அதற்காக நீங்களே உப்பைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அப்படி வரவழைத்த மானைப் பார்ப்பது வேறு வேலை.

உயரமும் மானைப் பொறுத்தது. புள்ளிமான் தோள்வரை சுமார் மூன்றடி. வளர்ந்த ஆண் மிளா நாலடியைத் தாண்டும். சருகுமான் ஓரடிதான். பெயரில்தான் அது மான், உயிரியலில் வேறு குடும்பம். நான் இரண்டடி உயரத்தில் கட்டுகிறேன். குட்டியும் தெரியும், தாயின் முகமும் தெரியும்.

இப்போது நொடிக்கு வருவோம். தொட்டியில் எனக்கு 30 நொடியும், 5 நொடி இடைவெளியும் சரியாக இருக்கின்றன. மிளா அங்கேயே நின்று அசைந்துகொண்டிருந்தால் கேமரா மறுபடி மறுபடி விழிக்கும். துண்டு துண்டாக அதன் வருகை ஏறக்குறைய முழுதும் கிடைத்துவிடும். ஒரேயடியாக 3 நிமிடம் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். மான் பத்து நொடியில் ஓடிவிட்டாலும் வெறும் தொட்டியை மிச்ச நேரமெல்லாம் எடுத்துக்கொண்டிருக்கும். பகலில் பெரும்பாலும் கார்டுதான் வீணாகும். இரவில் பேட்டரியும் போகும்.

நெல்லிமரத்தடியில் கணக்கு வேறு. மார்கழி, தையில் நெல்லிக்காய் உதிரும்போது புள்ளிமான்கள் கூட்டமாக வரும். பகலிலேயே வரும், ஒரு மணி நேரம்கூட இருக்கும். அங்கே 60 நொடி வைத்து, இடைவெளியையும் ஒரு நிமிடமாக்கிவிடுகிறேன். இல்லையென்றால் ஒரே காலையில் கார்டு நிறைந்துவிடும். அந்த 60 நொடி வீண் இல்லை. புள்ளிமான் நெல்லிக்காயைப் பொறுக்கி மென்று விழுங்கும். கொட்டை உள்ளே போய்விடும். பிறகு எங்கோ நிழலில் படுத்து அசைபோடும்போதுதான் கொட்டையைத் துப்பும். மரம் ஒரு இடத்தில், விதை விழுவது இன்னொரு இடத்தில். பத்து நொடியில் வாயை அசைக்கும் மானைத்தான் பார்ப்பீர்கள். ஒரு நிமிடம் பார்த்தால் எந்தக் குட்டி தாயைப் பார்த்துப் பழத்தைப் பொறுக்கக் கற்றுக்கொள்கிறது என்பதுவரை தெரியும். ஆண் மான் பின்னங்கால்களில் எழுந்து நின்று தலைக்கு மேல் இருக்கும் கிளையில் முகத்தைத் தேய்க்கும். கண்ணருகில் உள்ள சுரப்பியின் வாசனையை அதில் விட்டுப்போகிறது. இதைப் புகைப்படத்தில் பார்த்த ஒரு நண்பர் இலை தின்ன எழும்பியிருக்கிறது என்றே நினைத்தார். வீடியோவைக் காட்டிய பிறகுதான் வாய் திறக்கவே இல்லை என்பதைக் கவனித்தார்.

அடுத்து, கடைக்காரர் முதலில் சொல்வது: 4கே. அதற்கு நான் காசு கொடுக்கச் சொல்லமாட்டேன். விலை குறைந்த கேமராக்களில் 4கே என்பது பல நேரம் உள்ளே இருக்கும் சிறு சென்சார் எடுத்த படத்தைக் கணக்குப் போட்டு இழுத்துப் பெரிதாக்குவதுதான். இல்லாத விவரம் அதில் வந்துவிடாது. என் கேமராவில் 1080பி வீடியோ நொடிக்குச் சுமார் 2 எம்பி பிடிக்கிறது. 30 நொடிக்கு 60 எம்பி. 32 ஜிபி கார்டில் ஐந்நூறு வீடியோ. 4கே வைத்தால் அது நூற்றைம்பது ஆகிவிடும். ஐந்நூறு வருகைகளில் ஒரு குட்டியைப் பார்க்கும் வாய்ப்பை நூற்றைம்பதாகக் குறைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. காது கிழிசல், கொம்பின் கிளை, கழுத்தடியில் மிளாவுக்குச் சில காலம் தெரியும் அந்தச் சிவந்த புண் போன்ற இடம், எல்லாமே 1080பி-யில் தெரிகின்றன. அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டு மானுக்கு அடிபட்டிருக்கிறது என்று பலர் பதறுகிறார்கள். அது சுரப்பி என்றே கருதப்படுகிறது, அடிபட்ட காயம் இல்லை.

நொடிக்கு எத்தனை சட்டகம் என்று ஒரு தேர்வு இருக்கும். 30 போதும். 60 வைத்தால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒளி வாங்கும் நேரம் பாதியாகிவிடும். மான் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அந்த மங்கலில் பாதி ஒளியை விட்டுக்கொடுத்தால் படம் முழுவதும் மணல் தூவினாற்போல் ஆகிவிடும்.

இரவுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். அகச்சிவப்பு விளக்குகள் புகைப்படத்துக்குக் கண்ணிமைக்கும் நேரம் எரிந்தால் போதும். வீடியோவுக்கு 30 நொடி என்றால் 30 நொடியும் எரிய வேண்டும். பேட்டரி குறைந்தால் முதலில் சாவது இரவு வீடியோதான். பகல் படமெல்லாம் ஒழுங்காக இருக்கும். இரவுப் படம் ஆறாவது நொடியில் நின்றுபோகும். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண அல்கலைன் பேட்டரி சுமை ஏற ஏற வோல்ட் இறங்கும். லித்தியம் பேட்டரி விலை கூடினாலும் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். இன்னொன்று: நீங்கள் 30 என்று வைத்தாலும் சில கேமராக்கள் இரவில் தாமாகவே 10, 15 நொடிக்குக் குறைத்துக்கொள்ளும். கையேட்டில் எங்கோ ஓரத்தில் அது இருக்கும். வாங்கும்போதே கேளுங்கள். மிளா இரவில் வருவது. இதைக் கேட்காமல் வாங்கினால் பிறகு வருத்தப்பட நேரும்.

விளக்கில் இரண்டு வகை. 850 நானோமீட்டர் விளக்கு தூரம் போகும். ஆனால் பீடி முனைபோல் லேசாகச் சிவந்து தெரியும். 940 நானோமீட்டர் கண்ணுக்கே தெரியாது. ஆனால் எட்டும் தூரம் குறைவு. மானுக்குச் சிவப்பு நிறம் நம்மைப்போல் தெரிவதில்லை. அதன் கண்ணில் நீலத்துக்கும் பச்சைக்குமான இரண்டு வகைக் கூம்புகள்தான் உண்டு. ஆகவே விளக்கைவிட மானை உஷார்ப்படுத்துவது, கேமரா பகலிலிருந்து இரவுக்கு மாறும்போது உள்ளே வடிகட்டி நகரும் 'டிக்' சத்தமும், நம் கை வாசனையும்தான் என்பது என் அனுபவம். தொட்டி கேமராவிலிருந்து பதினைந்தடி. 940 போதுமானதாக இருக்கிறது. முன்னால் ஒரு புல் நீட்டிக்கொண்டிருந்தால்கூட இரவில் அதுவே வெள்ளையாக எரிந்து, பின்னால் நிற்கும் மானைக் கருப்பாக்கிவிடும். கேமராவைக் கட்டியதும் முழங்காலிட்டு அதன் கண்ணளவில் குனிந்து பாருங்கள். நீட்டியிருக்கும் புல்லைக் கிள்ளிவிடுங்கள்.

உணர்திறன் என்ற அமைப்பைப் பலர் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் அது மாதத்தோடு மாற வேண்டும். பங்குனி, சித்திரையில் பாறையும் மண்ணும் மானின் தோலளவு சூடேறிவிடும். சூட்டில் வித்தியாசம் இல்லாதபோது உணரிக்கு மான் தெரியாது. உணர்திறனை மேலே ஏற்றுங்கள். ஆனி, ஆடியில் நேர்மாறு. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் சூடான புல் அந்தக் காற்றில் ஆடினால் போதும், கேமரா விழித்துக்கொள்ளும். ஒரு ஆடி மாதம் ஒரே வாரத்தில் கார்டு முழுக்க வெறும் புல். அந்த வாரம் வந்தது எதுவோ, எனக்குத் தெரியாமலே போயிற்று. இப்போது ஆடியில் உணர்திறனைக் குறைத்து, மாலை 5 மணியிலிருந்து காலை 7 மணிவரை மட்டும் இயங்கும்படி நேரமும் குறித்துவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கும் தண்ணீர் இருக்கும். தொட்டிக்கு எதுவும் வராது. கேமராவைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு, நெல்லி காய்ப்பதற்காகக் காத்திருப்பேன்.

திசையைப் பற்றியும் கையேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. வடக்கே பார்த்துக் கட்டு, வெயில் படாது என்று அதில் இருக்கும். மிச்சிகனில் அது எப்போதும் உண்மை. நமக்குச் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதிவரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கிறது. இருந்தாலும் அது தலைக்கு மேலே இருப்பதால் அவ்வளவு தொந்தரவில்லை. நம்மைக் கெடுப்பது கிழக்கும் மேற்கும்தான். மான் வரும் இரண்டு நேரத்திலும் சூரியன் அங்கே தாழ்ந்து நிற்கும். வடக்கோ தெற்கோ, உங்கள் இடத்துக்கு வசதியானதை வையுங்கள்.

ஒலிப்பதிவு என்று ஓர் அமைப்பு. பேட்டரி மிச்சம் என்று அதை அணைத்து வைக்கிறார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். போன வருடம் ஒரு வீடியோ. ஒரு மிளா குனிந்து குடித்துக்கொண்டிருக்கிறது. தொண்டையில் தண்ணீர் இறங்குவதுகூடக் கேட்கிறது. வலப்பக்கம், படத்துக்கு வெளியே, புள்ளிமானின் கீச்சென்ற எச்சரிக்கைக் குரல். மிளாவின் தலை எழுகிறது. வால் விறைக்கிறது. முன்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி. பிறகு தகரத்தில் அடித்தாற்போல் அதன் சொந்தக் குரல், ஒரே ஒரு முறை. படத்தில் வேறு எதுவும் வரவில்லை. காலையில் ஓடை மணலில் போய்ப் பார்த்தேன், சிறுத்தையின் கால்தடம். குரல் இல்லாமல் அந்த வீடியோவைப் பார்த்திருந்தால் மிளா எதற்கோ மிரண்டது என்று மட்டும் எழுதியிருப்பேன். எங்கள் தோப்பில் கேளையாடு என்ற சிறு மானைக் கேமரா இதுவரை ஒருமுறைகூடப் படம் பிடிக்கவில்லை. ஆனால் நாய் குரைப்பது போன்ற அதன் சத்தம் நான்கு வீடியோக்களில் இருக்கிறது. அது அங்கே இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். பல கேமராக்களில் மாதம் முன்னால், நாள் பின்னால் வரும். 04/05 என்பதை மே மாதம் 4 என்று படித்து ஒரு பருவத்தின் குறிப்பையே குழப்பிக்கொண்டவர் எனக்குத் தெரிந்தே உண்டு.

பெருங்குளம் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணனை இங்கே பலர் படித்திருப்பீர்கள். 1950 முதல் 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். காட்டில் நேரில் நின்று, கருப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். அவர் எழுத்தில் விலங்கு என்ன செய்தது என்பது இருக்கும். எந்த வரிசையில் செய்தது என்பதும் இருக்கும். கேமராவை மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடும் நமக்கு அந்த வரிசையைக் கொடுக்கக்கூடியது நீளமான வீடியோதான். நீளமாக எடுத்தால் மட்டும் போதாது, உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும். என் பேத்தி அறுபது வீடியோவையும் முழுதாகப் பார்த்தாள். நான் ஒவ்வொன்றிலும் முதல் மூன்று நொடியைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன்.

பின்வரிசையில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கேமராவை உங்கள் பட்டா நிலத்தில் வையுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கவும் கூடாது, கேமரா வைக்கவும் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் மான்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மிளா எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில், எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரியும்படி வீடியோவைக் கைப்பேசியில் பரப்பாதீர்கள். அதைப் பார்ப்பவர்களில் வலை வைப்பவனும் இருப்பான். இடம் தெரியும் மரம், கிணறு, வேலி எதுவும் இல்லாத துண்டை மட்டும் காட்டுங்கள்.

விறகுக்கும் புல்லுக்கும் பெண்கள் போகும் வழியில் கேமரா வைக்கவே வைக்காதீர்கள். அவர்கள் அறியாமல் அவர்கள் நடப்பதையும் இருப்பதையும் ஓர் இயந்திரம் எடுத்து வைத்துக்கொள்வது எந்த மானுக்காகவும் செய்யத்தக்கதல்ல. எங்கள் தோப்பில் ஒருமுறை அப்படி ஒரு வீடியோ பதிந்துவிட்டது. அழித்துவிட்டு, மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் கைநீட்டிச் சொன்ன திசைக்குத்தான் இப்போது அது திரும்பியிருக்கிறது. மிளாவும் அந்தப் பக்கமே வருகிறது.

கேள்விகள் இருக்கும். அதற்கு முன்னால் அந்த வீடியோவைப் போடச் சொல்கிறேன். தம்பி, அந்த விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் திரையை இழுத்துவிட்டால் நல்லது. ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள். காது கிழிந்த மிளா முதலில் வலப்பக்கம் வரும். நீங்கள் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். இருபத்து நாலு நொடி ஆகும்.